மான் பார்க்க எந்தப் பைனாகுலர்? 8×42, 10×42, 8×32

ஒரே ஒரு பைனாகுலர்தான் வாங்க முடியும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை வில்பத்துவுக்கோ யாலவுக்கோ போய் மானும் மரையும் பார்க்கவேண்டும், மற்ற ஞாயிறுகளில் தலங்கம குளத்தடியிலோ தலவத்துகொட தியசரு பூங்காவிலோ நிற்கவேண்டும். அப்படியானவர் யோசிக்காமல் 8×42 வாங்கலாம். யாருக்கு 10×42 பொருந்தும், யாருக்கு 8×32 போதும், எந்த எண்ணைக் கண்டால் கடையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பதெல்லாம் இனி.

முதல் எண் எத்தனை மடங்கு கிட்டத் தெரியும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 200 மீட்டர் தள்ளி நிற்கும் புள்ளிமான் 8×42இல் 25 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும், 10×42இல் 20 மீட்டரில். இந்த ஐந்து மீட்டரை நம்பித்தான் பலர் பத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். அதற்காக இழப்பது என்னென்ன என்று கடையில் யாரும் சொல்வதில்லை.

முதலாவது, ஆட்டம். மான் பத்து மடங்கு பெரிதானால் கைநடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும். சஃபாரி ஜீப்பில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வும் சேரும். எஞ்சினை நிறுத்தச் சொன்னாலும், பின் சீட்டில் ஒருவர் எழும்பி நின்றாலே வண்டி ஆடும். வில்பத்துவில் ‘வில்லு’ என்னும் இயற்கைக் குளம் ஒன்றின் அக்கரையில், புதர் நிழலில் ஒரு மரை நிற்கிறது என்று வையுங்கள். உடம்பு முழுக்க நிழலோடு நிழலாய்க் கலந்திருக்கும். காட்டிக்கொடுப்பது ஈயை விரட்ட அசையும் காது ஒன்றுதான். அசையாத எட்டு மடங்கில் அந்தக் காது பிடிபடும். ஆடிக்கொண்டிருக்கும் பத்து மடங்கில் இலைகள் எல்லாமே அசைவதால் காது அதில் தொலைந்துபோகும்.

இரண்டாவது, கண்ணுக்கு வரும் ஒளிவட்டம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும்: 8×42இல் 5.25 மில்லிமீட்டர், 10×42இல் 4.2, 8×32இல் 4, பொக்கெட்டில் போடும் 10×25இல் வெறும் 2.5. பைனாகுலரைக் கை நீட்டி வானத்தை நோக்கிப் பிடித்தால், கண் வைக்கும் பக்கத்தில் மிதக்கும் வெள்ளைப் பொட்டு அதுதான். நடுப்பகலில் நமது கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஆகவே மதியம் எதை வைத்துப் பார்த்தாலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். கண்மணி விரியும் விடியலிலும் மாலையிலும்தான் பெரிய பொட்டின் அருமை தெரியும். ஜீப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. வண்டி குலுங்கும்போது கண் பொட்டை விட்டு விலகினால் படம் கறுத்துப்போகும். பொட்டு பெரிதாக இருந்தால் கண் கொஞ்சம் அலைந்தாலும் படம் நிற்கும்.

அப்படியென்றால் 7×50, 8×56 என்று இன்னும் பெரிதாகப் போனால் என்ன? ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் 8×56ஐத் தூக்கிப்பிடிப்பார்கள். அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் கோடைகாலத்து அந்தி முக்கால் மணி நேரம் வரை நீளும். நமக்குச் சூரியன் நேரே விழுந்து மறைகிறது. அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதோடு தேசியப் பூங்காக்கள் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு வாசலைச் சாத்துகின்றன. 56 மில்லிமீட்டர் லென்ஸ் உண்மையில் ஜெயிக்கும் நேரத்தில் நீங்கள் வாசலுக்கு வெளியே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். வயது போகப் போகக் கண்மணி விரிவதும் குறையும். அறுபது வயதைத் தாண்டிய பலருக்கு இருட்டிலும் 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. 7×50 தரும் 7.1 மில்லிமீட்டர் பொட்டில் பாதி வெளிச்சம் அவர்களுக்குக் கண்ணுக்குள் போகாமல் வீணாகிவிடும். அது கப்பல்காரர்களின் சாமான். ஒரு கிலோவைக் கழுத்தில் தொங்கவிடும் தேவை நமக்கில்லை.

மூன்றாவது, காட்சிப் பரப்பு. பெட்டியில் பாகையில் போட்டிருந்தால் 17.5ஆல் பெருக்குங்கள், 1000 மீட்டரில் எத்தனை மீட்டர் அகலம் தெரியும் என்று வரும். பொதுவாக எட்டு மடங்கில் 125 முதல் 145 மீட்டர், பத்து மடங்கில் 105 முதல் 120. காட்டுப் பாதையில் 25 மீட்டரில் ஒரு மான் குறுக்கே பாய்கிறது என்றால், 1000 மீட்டரில் 126 மீட்டர் காட்டும் பைனாகுலரில் மூன்று மீட்டருக்குச் சற்று மேலான அகலம்தான் தெரியும். அதற்குள் மானைப் பிடிக்கவேண்டும். பரப்பு இன்னும் குறுகினால் மான் இருந்த இடத்தில் புதர்தான் மிஞ்சும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. “எட்டு என்றால் அகலம், பத்து என்றால் ஒடுக்கம்” என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. நிக்கோன் மொனார்க் எம்7 வரிசையில் 8×42க்கு 8.3 பாகை, 10×42க்கு 6.9 பாகை. வித்தியாசம் பெரிது. அதே கம்பனியின் மலிவான ப்ரோஸ்டாஃப் பி3 வரிசையில் 8×42க்கு 7.2, 10×42க்கு 7.0. கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியென்றால் பி3இல் பத்தை எடுப்பதுதானே புத்தி என்று தோன்றும். மூக்குக்கண்ணாடி போடுபவர் அவசரப்பட வேண்டாம், அடுத்த பந்தியைப் பாருங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள்

கண் வைக்கும் பக்க லென்ஸிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுப் படமும் தெரியும் என்பதுதான் கண் இடைவெளி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க 16 முதல் 18 மில்லிமீட்டர் வேண்டும். 15க்குக் கீழே போனால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரியும். முன்னே சொன்ன பி3இல் 8×42க்கு 20.2, 10×42க்கு 15.7. பரப்பு சமம் என்று பத்தை எடுத்த மூக்குக்கண்ணாடிக்காரருக்கு அந்தப் பரப்பின் ஓரம் கண்ணுக்கு எட்டாமல் போகலாம். கடையில் உங்கள் கண்ணாடியைப் போட்டபடியே பார்த்துச் சோதியுங்கள். கண் வைக்கும் ரப்பர்க் கிண்ணத்தை முழுக்க உள்ளே திருகிவிட்டுப் பார்க்கவேண்டும். கிண்ணத்தை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு “ஒன்றும் தெரியவில்லை” என்று திருப்பிக்கொடுப்பவர்கள் உண்டு.

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், குவியச் சில்லு அதைச் சரிசெய்துவிடும். ஆஸ்டிக்மாட்டிசம் (சிதறல் பார்வை) கூடுதலாக இருந்தால் அது செய்யாது. கண்ணாடியோடுதான் பார்க்கவேண்டும்.

ரைபிள் ஸ்கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை

வெளிநாட்டில் இருக்கும் மச்சான் “ஸ்கோப் ஒன்று அனுப்பவா” என்று கேட்பதுண்டு. இங்கே மானையும் மரையையும் சுடுவது குற்றம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வனவிலங்குகளைக் காக்கிறது. சும்மா பார்ப்பதற்கென்று எடுத்தாலும் ஸ்கோப் உதவாது. துப்பாக்கி பின்னால் உதைப்பதால் கண் 9 சென்டிமீட்டர் அளவு தள்ளி நிற்கும்படி அதைச் செய்கிறார்கள். அதனால் காட்சி ஒடுங்கிவிடும். 3-9×40 ஸ்கோப்பை ஒன்பதில் வைத்தால் 1000 மீட்டரில் 45 மீட்டர் அளவுதான் தெரியும், பைனாகுலரில் தெரிவதில் பாதிகூட இல்லை. ஒற்றைக் கண் வேறு.

ஆனாலும் ஸ்கோப் பூட்டும் வேட்டைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அடர்ந்த காட்டுக்குள் லீவர் அக்‌ஷன் ரைபிளோடு மான் தேடுபவர்கள் 1-4 மடங்கு, அல்லது 2-7×33 ஸ்கோப்பைத்தான் பூட்டுகிறார்கள். அந்த ரைபிளில் போடும் .30-30 தோட்டாவுக்கு 150 யார்ட் தூரமே தாராளம், காட்டுக்குள் அதைவிடக் கிட்டத்தில்தான் மான் வரும், வந்ததும் சட்டென்று கண்ணில் படவேண்டும். மடங்கைக் கூட்டினால் மானுக்குப் பதிலாக மரப்பட்டைதான் தெரியும். நமது காட்டுப் பாதைக்கும் கணக்கு அதுவே.

எப்போது 10×42

ஹோட்டன் சமவெளிக்கு அடிக்கடி போகிறவர் பத்தை எடுக்கலாம். கடல்மட்டத்திலிருந்து 2100 மீட்டர் உயரத்தில் திறந்த புல்வெளி. மரைகள் 200, 300 மீட்டர் தள்ளி மேயும். நீங்கள் ஜீப்பில் இல்லாமல் தரையில் நிற்கிறீர்கள், முழங்கையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். மன்னார்ப் பக்கம் கடலேரியில் பூநாரை பார்ப்பவருக்கும், புந்தலவில் கரைப்பறவைகளைப் பிரித்தறிய முயல்பவருக்கும் இதே பதில். இடம் திறந்து கிடக்கும், பறவை தூரத்தில் நிற்கும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

கை நடுங்காமல் பிடிக்கப் பழகியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முன்பக்கமாகக் கையைத் தள்ளிக் குழாய்களின் நுனியருகே பிடித்தால் ஆட்டம் குறையும். தொப்பியின் விளிம்பையும் குழாயையும் ஒரே பிடியில் சேர்த்துப் பிடிப்பது இன்னொரு வழி. ஜீப்பில் கம்பிமேல் நேரே வைக்காதீர்கள், அதிர்வு அப்படியே ஏறும். அரைக் கிலோ அரிசியோ பயறோ போட்டுத் தைத்த துணிப்பை ஒன்றைக் கம்பிமேல் போட்டு அதன்மேல் வையுங்கள். துணிப்பைதான் வேண்டும்; ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஆட்டத்தைத் தானே அடக்கும் பைனாகுலர்களும் உண்டு. கெனன் 10×30 ஐ.எஸ். அந்த வகை. பொத்தானை அழுத்தினால் படம் அப்படியே உறைந்து நிற்பது ஆச்சரியம்தான். ஆனால் இரண்டு பெட்டரி வேண்டும், விலை கூட, நீர்புகாத் தன்மை கிடையாது. நமது மழையையும் ஈரத்தையும் யோசித்தால் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

8×32 யாருக்கு

நடப்பவருக்கு. 8×42 பெரும்பாலும் 600 முதல் 750 கிராம், 8×32 என்றால் 450 முதல் 550. ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பு வரை போய்த் திரும்பும் 9 கிலோமீட்டர் நடையில் அந்த 150 கிராமைக் கழுத்து உணரும். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட ஊர். பெத்தகான, தியசரு, தலங்கம என்று வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் சுற்றிவரும் பழக்கமுள்ளவருக்கு இதுவே சரியான அளவு. பையில் கிடந்தால்தான் கையில் வரும். வாங்குமுன் மிகக் கிட்டத்தில் எத்தனை மீட்டரில் குவியம் விழுகிறது என்று பாருங்கள். இரண்டு மீட்டருக்குள் விழுந்தால் தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் பார்க்கலாம். பிள்ளைகளும் சிறிய முகமுள்ளவர்களும் பிடித்துப் பார்க்கவும் 32 வசதி, இரு குழாய்களும் கூடுதலாக நெருங்கும்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மட்டும் 8×42இடம் தோற்கும். நல்ல தரமான 8×32, மலிவான 8×42ஐ வெல்லவும் செய்யும். எப்படி என்றால், பூச்சு.

காசு எங்கே போகவேண்டும்

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலர் ஒன்றில் பத்துக்கு மேற்பட்ட பரப்புகள் உண்டு. பன்னிரண்டு என்று எடுத்தால் கண்ணுக்கு வந்து சேர்வது 61 சதவீதம். எல்லாப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சு இருந்தால் இழப்பு பரப்புக்கு அரை சதவீதம். 94 சதவீதம் வந்து சேரும். பெட்டியில் ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று இருக்கவேண்டும். வெறும் ‘கோட்டட்’, ‘மல்ட்டி கோட்டட்’ என்றிருந்தால் ஏதோ ஒரு சில பரப்புக்குத்தான் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நேர்க்குழாய் வடிவில் இருப்பது ரூஃப் பிரிஸம், தோள் விரிந்த பழைய வடிவம் போரோ. ரூஃப் பிரிஸத்துக்குக் ‘ஃபேஸ் கோட்டிங்’ என்ற இன்னொரு பூச்சும் தேவை, இல்லாவிட்டால் படம் சற்று மங்கித் துல்லியம் குறையும். அதைப் போட்ட கம்பனி சொல்லாமல் விடாது. சொல்லவில்லை என்றால் போடவில்லை. போரோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே குறைந்த காசில் கூர்மையான படம் வேண்டுமென்றால் போரோதான் லாபம். அதன் குறை வேறு: மலிவான போரோக்களில் குவியச் சில்லைத் திருப்பும்போது கண்பக்கப் பாலம் முன்னும் பின்னும் நகரும், அந்த இடுக்கால் ஈரக்காற்று உள்ளே போகும். கொழும்புக் காற்றில் அது பூஞ்சணத்துக்கு விடும் அழைப்பு. நைட்ரஜன் அடைத்து ஓ வளையம் (ரப்பர் வளையம்) போட்டு மூடியது என்பது இங்கே ஆடம்பரமே இல்லை, முதல் தேவை. விளிம்பில் நிறம் பிரிவதைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மான் மானாகத்தான் தெரியும்.

புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் “அண்ணே, இது அறுபதுக்கு அறுபது, நிலாவே கிட்ட வரும்” என்று ஒன்றை நீட்டுவார்கள். 60 மடங்கைக் கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது, உள்ளே இருப்பதும் பெரும்பாலும் எட்டோ பத்தோதான். 10-70 என்று சூம் போட்டது, ‘நைட் விஷன்’ என்று எழுதிய சாதாரணக் கண்ணாடி, முன் லென்ஸ் மாதுளை முத்துப்போல் சிவந்து மின்னுவது எல்லாம் ஒரே வகை. சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காடு முழுக்க நீலம் பாய்ந்து தெரியும். மானின் செம்பழுப்பு நிறம் எங்கே போனது என்று தேடவேண்டியதுதான்.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

முதலில் எண் உண்மையா என்று பாருங்கள். குவியத்தைத் தூரத்துக்கு வைத்து, போனின் டோர்ச்சைக் கண் வைக்கும் பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். முன் லென்ஸுக்கு முன்னால் ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் ஒளிவட்டம் விழும். அதை அடிமட்டத்தால் அளந்தால் 42க்குப் பக்கத்தில் வரவேண்டும். 36, 37 என்று வந்தால் உள்ளே வளையம் போட்டு அடைத்திருக்கிறார்கள். எழுத்தில் 42, வேலையில் 37.

அடுத்தது, கை நீட்டிப் பிடித்து அந்த வெள்ளைப் பொட்டின் வடிவம் பாருங்கள். நன்றாக வட்டமாக இருந்தால் பிரிஸம் பெரும்பாலும் பேக்4 என்னும் நல்ல கண்ணாடி. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் மலிவான பி.கே.7.

இரண்டு குழாயும் நேராக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியமான சோதனை, பலரும் விடுவதும் இதைத்தான். தூரத்துக் கூரை முகட்டையோ மாடிச் சுவரின் விளிம்பையோ பார்த்தபடி, பைனாகுலரை அசைக்காமல் தலையை மட்டும் ஒரு சாண் பின்னுக்கு இழுங்கள். இரண்டு வட்டங்கள் பிரிந்து தெரியும். முகட்டுக் கோடு இரண்டிலும் ஒரே உயரத்தில் ஓடவேண்டும். ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கியிருந்தால் கீழே வையுங்கள். கண் அதைச் சமாளித்து ஒரே படமாகக் காட்டும், அரை மணி நேரத்தில் தலையிடி வரும். பலர் அதை வெயில் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பைனாகுலரோடு கடைக்கு வெளியே வர விட்டால் தாமரைக் கோபுரத்தின் உச்சிக் கம்பத்தை வெளுத்த வானத்துக்கு எதிரே பாருங்கள். விளிம்பில் ஊதாக் கோடு எவ்வளவு தடிப்பாக ஓடுகிறது என்று இரண்டு மொடல்களை ஒப்பிட அதைவிட நல்ல இடம் நகரில் இல்லை. பேரை வாவியில் நிற்கும் கூழைக்கடாவின் வெள்ளை இறகும் உதவும்.

வாங்கியபின் ஒரு தடவை சரிசெய்துகொள்ளுங்கள். வலது முன் லென்ஸை மூடி, நடுச் சில்லால் இடது கண்ணுக்குக் குவியம் வையுங்கள். பிறகு இடதை மூடி, நடுச் சில்லைத் தொடாமல் வலது கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைக் கூர்மையாக்குங்கள். அந்த வளையத்தின் எண்ணை நினைவில் வையுங்கள், ஜீப்பில் ஆளுக்காள் கைமாறும்போது கலைந்துவிடும்.

ஏசி அறையிலிருந்து விடியலில் வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனி படியும். நைட்ரஜன் உள்ளேதான் காக்கும், வெளிப்பக்கத்தை அல்ல. துடைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். சாரத்தின் நுனியால் துடைப்பதுதான் லென்ஸுக்கு வரும் பெரிய கேடு. முதலில் காற்றூதித் தூசியை விரட்டி, பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி. வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் உப்பு படியும். நீர்புகாத மொடல் என்றால் மெல்லிய குழாய்த் தண்ணீரில் அலசிவிடலாம்.

வீட்டில் அதன் தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைக்காதீர்கள், உறையே ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நூறு கிராம், சின்ன ஈரமானி ஒன்று. மானி 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கவேண்டும். செம்மஞ்சள் மணிகள் பச்சையாக மாறியதும் தட்டில் பரப்பி 120 பாகை செல்சியஸ் சூட்டில் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். ஒக்டோபர், நவம்பர் மழையில் அடிக்கடி பார்க்க வேண்டிவரும்.